குழந்தை நூல்கள் திரட்டும் பேக்கரி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம் ஆகிய ஊர்களில் பேக்கரி நடத்திவரும் நிறுவனத்தின் உரிமையாளர்களுக்கும், அக்கடைகளில் பணிபுரியும் அன்பர்களுக்கும் வணக்கம்.

வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை நூலகங்களுக்குத் தாருங்கள் என்ற அறிவிப்போடு உங்கள் கடைகளில் கல்லாவை ஒட்டிப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்ததையும், ஐந்து புத்தகம் கொண்டுவரும் பிள்ளைக்கு ஒரு பப்ஸ் இலவசம் என்று அதன் கீழே எழுதியிருந்ததையும் மாவட்டத்தில் பலர் பார்த்திருப்பார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் ஒரு பகுதி எங்கள் கிளை நூலகத்துக்கும் வந்தது. பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, அந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருப்பவன் நான்; வந்தவற்றைப் பிரித்து அடுக்கும் வேலையில் நூலகருக்குத் துணையாக இருந்தவர்களில் ஒருவன். யாரும் கேட்காமலே ஒரு வணிக நிறுவனம் பொது நூலகத்தின் குழந்தைகள் பகுதியை நினைத்துப் பார்த்ததற்கு முதலில் மனமார்ந்த நன்றி. அடுத்த சுற்றையும் நடத்தப்போவதாக நீங்கள் அறிவித்திருப்பதாலும், உங்களைப் பார்த்து ஒரு ஜவுளிக்கடையும் ஒரு மருந்துக்கடையும் இதே போன்ற பெட்டிகளை வைக்க முன்வந்திருப்பதாலும், உங்களிடம் தனியே பேசி முடித்திருக்கக்கூடிய சிலவற்றை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், பெட்டிகளில் என்ன வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நூல்கள் வந்தன. கெட்டி அட்டைப் படப் புத்தகங்கள், தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த கதை நூல்கள், யாரோ ஒரு தாத்தா ஆண்டு வாரியாக பைண்டு செய்து வைத்திருந்த பழைய சிறுவர் இதழ்த் தொகுதிகள் ஆகியவற்றை மேசையில் எடுத்து வைத்தபோது நூலகரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவை சிறுபகுதியே. பாதி வண்ணம் தீட்டிய வரைபுத்தகங்கள், ஒட்டுபடங்களை எல்லாம் உரித்தெடுத்துவிட்டு வெற்றுக் கட்டங்களோடு வந்த பயிற்சி ஏடுகள், ஆறாவது தொகுதி மட்டும் தனியாக வந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம், போட்டித் தேர்வுக் கையேடுகள், ஒரு ராசிபலன் புத்தகம், இவற்றுக்கெல்லாம் மேலாகக் கட்டுக்கட்டாகப் பழைய பாடநூல்கள் என்று மற்றவை இருந்தன. 2018-19, 2019-20 ஆகிய இரு கல்வியாண்டுகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா வகுப்புகளுக்கும் தமிழகப் பாடநூல்கள் மாற்றப்பட்டன என்பதும், அதற்கு முந்தைய சமச்சீர்க் கல்விப் பாடநூல் இன்று பள்ளி செல்லும் பிள்ளைக்குப் பயன்படாது என்பதும் பெற்றோருக்குத் தெரியாதவை அல்ல. எடைக்குப் போட மனம் வராதவர்களுக்கு உங்கள் பெட்டி ஒரு நல்ல வழியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். எடைக்குப் போட்டிருந்தால் காசாவது கிடைத்திருக்கும், இங்கே பப்ஸ் கிடைத்தது.

இதில் கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஐந்து என்று எண்ணிக்கை சொன்னால் மக்கள் ஐந்தை நிரப்பவே பார்ப்பார்கள். நல்ல புத்தகம் மூன்று இருக்கும் வீட்டில் மீதி இரண்டை அலமாரியின் அடித்தட்டிலிருந்து தேடி எடுப்பார்கள். ஆகவே என் முதல் வேண்டுகோள், எண்ணிக்கைக்குப் பரிசு என்ற முறையை விட்டுவிடுங்கள் என்பதே. பிள்ளைகளுக்கு ஏதேனும் தர வேண்டும் என்று விரும்பினால், ஒரே ஒரு புத்தகம் கொண்டுவந்தாலும், அந்தப் புத்தகத்தில் தனக்குப் பிடித்தது எது என்று ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி உள்ளே வைக்கும் பிள்ளைக்குத் தாருங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். படித்து ரசித்த புத்தகத்துக்குத்தான் அந்தச் சீட்டை எழுத முடியும் என்பதால், பழைய பாடநூல்கள் தாமாகவே வீட்டிலேயே நின்றுவிடும்.

நூலகத்துக்கு உள்ளே நடப்பது வெளியே பலருக்குத் தெரியாது என்பதால் அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்கொடையாக வரும் நூலை நூலகர் அப்படியே எடுத்து அலமாரியில் வைத்துவிட முடியாது. பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, முத்திரை குத்தி, பொருள்வாரியாகப் பகுத்த பிறகே அது நூலகத்தின் நூலாகும். பிறகு அது தணிக்கைக்கு உட்பட்ட அரசுச் சொத்து. காணாமற்போனால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். கிழிந்துபோனாலும் மேலதிகாரியின் ஒப்புதல் இன்றிக் கழித்துவிட முடியாது. ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்ட பயனற்ற புத்தகம் இப்படிப் பல ஆண்டுகள் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊர்ப்புற நூலகம் என்றால், கதவைத் திறப்பதிலிருந்து செய்தித்தாளை அடுக்கி, உறுப்பினர் சேர்த்து, நூல் வழங்கி, மாலையில் பூட்டுவது வரை பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் மேசைமேல் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை இறக்கினால் அவற்றைப் பிரித்துப் பார்க்கவே அவருக்கு வாரங்கள் ஆகும், அதுவரை வாசகருக்கு உட்கார இடம் இருக்காது. வேண்டாம் என்று சொல்லவும் அவரால் இயலாது. ஊரில் பெயர் பெற்ற நிறுவனம் கொடுப்பதை ஒரு நூலகர் எப்படி மறுப்பார்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்துத் தந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாவது விதியைத்தான் விழா மேடைகளில் அதிகம் கேட்கிறோம். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற மூன்றாவது விதிதான் நன்கொடை திரட்டுவோருக்கு உரியது. ஓசூர்க் கடையில் சேர்ந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். தொழிற்சாலைகளுக்கும் மென்பொருள் வேலைகளுக்குமாகப் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்தவை அவை. தாளும் அச்சும் அருமையாக இருந்தன, சில நூல்கள் பிரிக்கப்படாத புதியவையாகவே இருந்தன. அவற்றுக்குரிய வாசகர்களும் ஓசூரிலேயே இருக்கிறார்கள். ஆனால் பெட்டிகள் வந்த வரிசையில் வண்டியில் ஏற்றப்பட்டதால், இருநூறு பக்க ஆங்கில நாவல்கள் அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போயின. தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ற பதினாறு பக்கப் படக்கதைகள் ஓசூரிலேயே தங்கிவிட்டன.

நம் மாவட்டத்தின் நிலை மற்ற மாவட்டங்களைப் போன்றதும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது 71 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது; நாம் 2004-இல் பிரிந்துவந்த தாய் மாவட்டமான தருமபுரி அந்தக் கணக்கில் மாநிலத்திலேயே கடைசி இடத்தில் இருந்தது. வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைகள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். வேப்பனப்பள்ளியிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளிக்கு வந்து தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் வீடுகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகள் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள் என்றாலும், பாடநூலுக்கு வெளியே அவர்கள் தாமாக விரும்பி எடுக்கக்கூடிய எளிய தமிழ் நூல் நூலகத்தில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அவர்களுக்கு வேண்டியது படம் பெரிதாகவும் எழுத்து பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியாகவும் உள்ள நூல்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாகப் பிரித்திருப்பது உங்களுக்கும் உதவும். நன்கொடைகளில் மிகக் குறைவாக வந்தவை முதல் இரண்டு படிகளுக்கு உரியவைதாம். சிறு பிள்ளைகள் புத்தகத்தைக் கிழித்துப் படிப்பவர்கள் என்பதால் அந்த வயதுக்குரிய நூல்கள் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும் நிலையில் மிஞ்சுவதில்லை. இது எங்கும் உள்ள இயல்பு. பெட்டியை இன்னும் எத்தனை மாதம் திறந்து வைத்தாலும் இந்தக் குறை தீராது.

எனவே, நீங்கள் பப்ஸுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது புதிய தமிழ்ப் படநூல்கள் வாங்க ஒதுக்குங்கள் என்பதே இந்த மடலின் முதன்மையான வேண்டுகோள். நேஷனல் புக் டிரஸ்ட் முதல் சிறு பதிப்பகங்கள் வரை குழந்தைகளுக்கான மெல்லிய படநூல்களை 100 ரூபாய்க்கும் குறைவான விலையிலேயே தருகிறார்கள். திரட்டுவது ஒரு பக்கம் நடக்கட்டும். அதில் எந்த வயதுக்கும் எந்த ஊருக்கும் நூல் கிடைக்கவில்லையோ அந்த இடத்தை உங்கள் பணம் நிரப்பட்டும். அதற்கு முதற்படியாக மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, எந்தெந்த நூலகத்தில் குழந்தைகள் பகுதி உண்டு, அங்கே என்ன இல்லை, எவ்வளவு இடம் இருக்கிறது என்ற விவரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைக் கடையில் பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டால் வாடிக்கையாளரும் அதைப் பார்த்துக் கொடுப்பார்.

இடையில் ஒன்று. இந்தத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, அரசு செய்யாததைத் தனியார் செய்கிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுகிறது. 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் எல்லோரும், உங்கள் கடைகளும் சேர்த்துத்தான், செலுத்திவருகிறோம். உள்ளாட்சி அமைப்புகள் அந்தத் தொகையை உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும் என்று கேட்பதும் குழந்தை நூல்களுக்காகச் செய்யும் வேலையே. வணிகர் சங்கக் கூட்டங்களில் உங்கள் குரலுக்கு மதிப்பு இருக்கிறது. அங்கே இதையும் ஒருமுறை எழுப்புங்கள்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரஸ்க்கும் வர்க்கியும் வந்த அட்டைப்பெட்டிகளிலேயே நூல்களைப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். அடியில் தங்கியிருந்த சர்க்கரைத் தூளுக்கு எறும்பு வந்தது. இரண்டு பெட்டிகளில் கரப்பான் இருந்தது. கண்ணாடி அலமாரிக்கு அருகில் இருந்ததாலோ என்னவோ, மேலே கிடந்த நூல்களின் அட்டைகளில் எண்ணெய் விரல்கள் பதிந்திருந்தன. பழைய நூல்களில் ராமபாணப் பூச்சி ஏற்கெனவே இருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தனியே பிரித்து வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்து, பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இல்லையேல் நன்கொடையோடு வந்த பூச்சி நூலகத்தின் பழைய இருப்பையும் தின்றுவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளைக் கடை வாசலுக்கு அருகே, பண்டங்களிலிருந்து தள்ளி வையுங்கள். நூல்களை எடுத்துச் செல்ல உங்கள் ரொட்டி வண்டியே போதும், ஆனால் கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை ஓட்டுநருக்குச் சொல்லிவிடுங்கள். சென்ற முறை வண்டி வெள்ளிக்கிழமை வந்து, பூட்டிய நூலகத்தின் திண்ணையில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிற்று. அன்றிரவு பெய்த மழையில் அடிப்பெட்டிகள் நனைந்து, வழவழப்பான தாளில் அச்சிட்ட படநூல்கள் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அந்த வகைத் தாள் ஒருமுறை ஒட்டினால் பிரிக்க வராது.

மாங்கனிக் கண்காட்சித் திடலிலும் ஒரு பெட்டி வைக்கலாம் என்று உங்கள் தரப்பில் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். அந்தக் கூட்டத்திலும் புழுதியிலும் யார் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது. அதற்குப் பதிலாக அங்கே ஒரு பாய் விரித்து, திரட்டிய நூல்களில் சிலவற்றை வைத்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம் செய்து, பக்கத்திலேயே நூலக உறுப்பினர் சேர்க்கையையும் நூலகத் துறையினரைக் கொண்டு நடத்துங்கள். கண்காட்சிக்கு வரும் கிராமத்துப் பெற்றோர் பலர் தங்கள் ஊருக்கு அருகிலேயே நூலகம் இருப்பதை அங்கே தெரிந்துகொள்வார்கள்.

ஒப்படைப்பு விழாவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் எல்லா நூல்களையும் விழா மேடைக்காக ஓரிடத்தில் குவித்துவிட்டுப் பிறகு பிரிப்பதைவிட, பிரித்து முடித்து ஊர்வாரியாகக் கட்டிய பிறகு விழா வைத்தால் அன்றைக்கே அவை உரிய ஊர்களுக்குப் புறப்பட்டுவிடும்.

அடுத்த சுற்றை ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் தொடங்குங்கள். வீடுகளில் புத்தகங்களை ஒழிப்பது அப்போதுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிரித்து அனுப்பவும் காலம் இருக்கும். பிரிக்கும் வேலைக்கு எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து ஆட்கள் ஞாயிறு காலைகளில் உங்கள் காவேரிப்பட்டணம் கடைக்கே வருகிறோம். மாடியறையில் நீண்ட மேசை ஒன்றும் மின்விசிறியும் இருந்தால் போதும். மொழிவாரியாகவும் படிநிலைவாரியாகவும் பிரித்து, நூலகங்கள் ஏற்கக்கூடியவற்றைத் தனியே கட்டி, மற்றவற்றை என்ன செய்வது என்று உங்களோடு கலந்து முடிவு செய்வோம். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைவை நாங்களே தயாரித்து வைத்திருக்கிறோம். நிறுவனத்தின் முகவரித்தாளும் உங்கள் கையொப்பமும் கிடைத்தால் இந்த மாதமே அதை நேரில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.