தோளில் பிடித்த வாயு

லீட்ஸ்
மே மாதக் கடைசி

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய குரல் பதிவை நாலு தடவை கேட்டுவிட்டேன். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்றதில் சந்தோஷம். சின்னவள் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் பேச்சோடு பேச்சாக, “சங்கு குளிச்சுட்டு வந்தா தோள்ல வாயு புடிச்சுக்குதுடா, தைலம் போட்டாலும் கேக்க மாட்டேங்குது” என்றாய் பார், அது மனதில் தங்கிவிட்டது. போனில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. இங்கே மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். எங்கள் டைவிங் கிளப்பில் பன்னிரண்டு பேர் ரப்பர் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் செயின்ட் ஆப்ஸ் என்ற மீனவ ஊருக்குப் போனோம். கைக்குள் அடங்கிவிடும் துறைமுகம். நம்ம தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு மூலைக்குக் காணாது. அந்தக் கரையை 1984-லேயே ஊர்க்காரர்களும் மீனவர்களும் டைவர்களும் சேர்ந்து தாங்களாகப் பாதுகாப்புப் பகுதியாக வைத்துக்கொண்டார்கள். அடியில் எதையும் எடுக்கக் கூடாது, பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சங்கு எடுக்கப் போகும் உனக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

தண்ணீர் ஒன்பது டிகிரி. பிரிட்ஜில் வைத்த தண்ணீரைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். வெறும் உடம்போடு முங்குகிற பேச்சே இல்லை. உள்ளே கம்பளி போன்ற ஒரு உடை, அதற்கு மேல் தண்ணீர் புகாத டிரைசூட். கழுத்தில் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிக்கும். பவுடர் போட்டுத்தான் தலையை நுழைக்க வேண்டும். உடைக்குள் காற்று இருப்பதால் உடம்பு மிதக்கும், அதனால் இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். முகத்தில் மூடாமல் இருப்பது உதடு மட்டும். இறங்கின முதல் நிமிஷம் அந்த உதடு எரியும், பிறகு மரத்துப்போகும்.

மே மாதத்தில் கடல் பாசி பூத்துப் பச்சையாகக் கலங்கி இருக்கும். ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை பார்த்ததை மறக்க மாட்டேன். கதீட்ரல் ராக் என்று ஒரு பாறை, நடுவே கோயில் வாசல் மாதிரி வளைவு. அதன் சுவர் முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாக மென்பவளம், விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இங்கே அதற்கு ‘இறந்தவன் விரல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனோ. பக்கத்துப் பொந்தில் டார்ச் அடித்தால் ஓநாய் மீன். பல் விழாத கிழவன் முகம். நண்டையும் கடல் முள்ளெலியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்கிற தாடை. அது நகரவே இல்லை. நானும் அது இருந்த இடத்துக்கு நேராகக் குப்புறக் கிடந்து, குளிரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம். பத்தொன்பது மீட்டரில் இருந்தோம். என்னோடு ஜோடியாக இறங்கியது அறுபத்து மூன்று வயது அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. திடீரென்று, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டு வரும் என் ரெகுலேட்டர் குக்கர் விசில் மாதிரிச் சீற ஆரம்பித்தது. சிலிண்டரில் அடைத்த காற்று அழுத்தம் குறைந்து விரியும்போது தானே குளிரும். தண்ணீரும் குளிர்ந்து கிடந்தால் வால்வில் பனி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடும். காற்று முழுக்கக் கொட்டிப் போகும். முகத்தைச் சுற்றி நுரை, ஒன்றும் தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மேலே போ.

காலை உதைத்துவிட்டேன் மாப்ளே. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் எங்கே போனதோ. அந்த அம்மா என் தோள் வாரைப் பிடித்துக் கீழே இழுத்தார். தன்னிடம் இருந்த இரண்டாவது வாய்க்குழாயை என் வாயில் வைத்தார். என் சிலிண்டரை மூடினார். மேலே வரவர டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஆளைப் பந்து மாதிரித் தூக்கும். இடது கை வால்வு வழியாக அதை வெளியே விட வேண்டும். எனக்கு அதுவும் நினைவில்லை. என் முழங்கையைத் தூக்கிப் பிடித்தார், காற்று போயிற்று. கண்ணாடி வழியாக என் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் ‘மெதுவா, மெதுவா’ என்று சைகை காட்டியபடி கூட்டி வந்தார். ஆறு மீட்டரில் நிறுத்தி மூன்று நிமிஷம். தலைக்கு மேலே படகின் அடி தெரிகிறது, கை எட்டும் தூரம், ஆனாலும் விடவில்லை. அந்த மூன்று நிமிஷமும் உன் நினைப்புதான்.

வள்ளத்திலிருந்து டியூப் வழியாக உனக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் நின்றாலோ, அந்த டியூப் மடங்கினாலோ நீ ஒரே எத்தில் மேலே வருகிறவன். சங்கு நிறைந்தாலும் அப்படித்தான் வருவாய். உன் தோளில் பிடித்திருப்பது வாயுதான், ஆனால் நீ நினைக்கிற வாயு இல்லை. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக வந்தால் மூச்சு வழியாகவே வெளியே போய்விடும். சட்டென்று வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். மூட்டில் தங்கினால் வலி. முதுகுத் தண்டில் தங்கினால் கால் விளங்காமல் போகும். நம் தெருவிலேயே ஒருவர் கட்டிலோடு கிடந்தாரே, நினைவிருக்கிறதா? காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரித்தார்கள்.

மறுநாள் முங்கினால் வலி போய்விடுகிறது என்று சொன்னாய். அழுத்தத்தில் குமிழ் சுருங்குவதால்தான் போகிறது. அதை மருந்து என்று நம்பாதே.

நாங்கள் போன ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எடின்பரோவில் பிறந்தவர் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று வர வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைக்காக 1908-ல் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. விளையாட்டுக்கு முங்குகிற எங்களுக்கு மணிக்கட்டில் கட்டும் கருவியிலேயே அந்தக் கணக்கு ஓடுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு முங்குகிற உங்களிடம் அது வந்து சேரவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

திங்கட்கிழமை கிழக்குக் காற்று எழுந்து அலை நேராகத் துறைமுகத்துக்குள் வந்தது. படகு இறக்கவில்லை. துறைமுகத்துக்கு மேலே ஒரு சின்ன வெண்கலச் சிலை: பெண்களும் குழந்தைகளும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். 1881 அக்டோபர் 14 அன்று திடீர்ப் புயலில் இந்தக் கரையோர ஊர்களின் 189 மீனவர்கள் போய்விட்டார்கள். பல படகுகள் கரைக்கு வந்து சேரும் நேரத்தில், வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நொறுங்கின. ஒரு பெண் சிலையின் சேலை, சேலை இல்லை, பாவாடைதான், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது. எனக்குத் தங்கச்சி நினைவு வந்தது.

டிசம்பரில் வருகிறேன். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்று உனக்காக எடுத்து வைத்துவிட்டேன். அதுவரைக்கும் வள்ளத்திலிருந்து ஒரு கயிற்றில் கல் கட்டித் தொங்கவிடு. ஐந்து மீட்டரில் ஒரு முடிச்சுப் போடு. வரும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டே மெதுவாக வா, முடிச்சில் நின்று இருநூறு எண்ணு. என்ன அவசரமானாலும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வராதே, விட்டுக்கொண்டே வா. என்ஜின் புகை கம்ப்ரசர் காற்றோடு சேராதபடி காற்று வீசும் திசை பார்த்துப் புகைக் குழாயைத் திருப்பி வை. இதெல்லாம் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. முதலில் இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கம்ப்ரசரில் முங்குகிறவன் என்று சொல்லித் தோளைக் காட்டு. டாக்டர் சொல்லும்வரை கடலில் இறங்காதே. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் வழக்கு வேண்டாம்.

உன் தாத்தா முத்துக் குளித்த காலத்தில் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் உட்கார வைப்பார்களாம், நீதான் சொல்லியிருக்கிறாய். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்களே. இப்போது நீ கீழே இருக்கும்போது டியூப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கூலிக்கு வந்த பையனா, தங்கச்சியின் அண்ணனா? எத்தனை மீட்டர், ஒரு முங்குக்கு எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை முங்கு? எல்லாவற்றுக்கும் பதில் போடு. டாக்டர் சொன்னதையும் அப்படியே சொல்லு, மறைக்காதே.

உன் பழைய கூட்டாளி