மூன்று மணிக்கொரு மாத்திரை: ஒரு நன்றி மடல்

இடுப்பு மூட்டு அறுவை செய்து என்னை நடக்கவைத்த மருத்துவமனையின் அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இந்த மடலைக் கையால் எழுதத்தான் ஆசைப்பட்டேன். முதல் வரி ஓரளவு தெளிவாக வந்தது. மூன்றாவது வரிக்குள் எழுத்து எள்ளளவாகச் சுருங்கிவிட்டது. நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) கைக்குச் செய்யும் குறும்பு அது. ஆகவே நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். நான் சொல்லாததையும் இரண்டொரு இடத்தில் சேர்ப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

11 வருடங்களாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறேன். அன்று குளியலறை வாசலில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னே போனது. விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதி, முறிந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில், அறுவைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அறுவையோ இரண்டு முறை தள்ளிப்போனது. மறுநாள் மாலைக்குள் நான் மரக்கட்டை. கழுத்து திரும்பவில்லை, எச்சில் இறங்கவில்லை. நான் சாப்பிடும் அந்த லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விறைப்பும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, “இந்த நோய்க்காரருக்கு இடுப்பு மூட்டு மாற்றினாலும் கழன்றுவிடும்” என்று கைவிரித்தார்கள். கழலும் ஆபத்து மற்றவர்களைவிட எங்களுக்குக் கூடுதல் என்பது மெய்தான். அதற்காக ஒருவனை ஆயுள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடுவதா?

எலும்பு மருத்துவர் அவர்களே, அங்கிருந்து உங்கள் மருத்துவமனைக்கு மாற்றி என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? “கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?” என் மனைவி அப்போதுதான் அழுதாள், அதுவரை அழவில்லை. அரை மணி நேரத்துக்குள் நரம்பியல் மருத்துவரிடம் பேசினீர்கள். விழுங்க முடியாததால் மூக்குவழிக் குழாயில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து என் விரல் அசைந்தது. பிறகு எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினீர்கள்: புது மூட்டில் சின்னப் பந்து, அதைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் பந்து, அந்தப் பெரிய பந்தும் தனியே உருளும்படி வெளியே ஓர் உலோகக் கிண்ணம். 1970களில் பிரான்சில் பிறந்த உத்தி என்றீர்கள். விறைத்த தசை எசகுபிசகாக இழுத்தாலும் பெரிய பந்து எளிதில் கிண்ணத்தைத் தாண்டாதாம். “கழலவே கழலாது என்று சொல்லமாட்டேன், வாய்ப்பு குறையும்” என்ற அந்த நேர்மைக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன், எள்ளளவு எழுத்தில்.

மயக்க மருத்துவரம்மா, அன்றைய பட்டியலில் என்னை முதல் ஆளாக வைக்கச் சொன்னது நீங்கள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். காலை 6 மணி மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு போட வைத்தீர்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்ததால், அறுவை முடிந்ததும் அடுத்த மாத்திரையை நானே விழுங்கினேன். கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையால் நீங்கள் எழுதி ஒட்டிய தாள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது: மெட்டோகுளோப்ரமைடு கூடாது, ஹாலோபெரிடால் கூடாது, ராசஜிலின் சாப்பிடுபவர், ஆகவே பெத்திடின் கூடாது. முதலாவது வாந்தி மருந்து, இரண்டாவது மனக்குழப்பத்துக்குக் கொடுப்பது; இரண்டும், உடல் அசைவுக்கு மூளையில் வேண்டிய டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. ராசஜிலின் என் நோய்க்கான இன்னொரு மாத்திரை; அதோடு பெத்திடின் என்ற வலி மருந்து சேரக் கூடாது. வாந்திக்கென்று யாரோ நல்லெண்ணத்தில் போடும் ஓர் ஊசி எங்களைப் போன்றவர்களை முடக்கிவிடும்.

இரவுப் பணி சிஸ்டர், உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். இரண்டாம் இரவு கூரையில் பூனைகள் ஊர்வதைப் பார்த்தேன். ஊசிக்குழாயைப் பிடுங்கினேன், உங்களை ஏதோ திட்டினேனாம். நீங்கள் என் கையைக் கட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, விளக்கைப் போட்டு, என்ன கிழமை, எந்த இடம் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, சிறுநீர் கட்டிக்கொண்டதைக் கண்டுபிடித்தீர்கள். அதை வெளியேற்றிய பின், விடிவதற்குள் பூனைகள் போய்விட்டன.

பிசியோதெரபிஸ்ட் தம்பி, அறுவைக்கு மறுநாளே வாக்கரைக் கொடுத்து எழுப்பிவிட்டாய். நாற்காலியில் தாழ உட்காராதே, கால் மேல் கால் போடாதே என்று நூறு தடவை சொன்னாய். நூற்றொன்றாவது தடவை போட்டேன். கதவருகே கால் ஒட்டிக்கொண்டபோது தரையில் குறுக்கே மஞ்சள் நாடாக்களை ஒட்டி, “கோட்டைத் தாண்டுங்கள் ஐயா” என்றாய். வெறும் தரையில் நகராத கால் கோட்டைக் கண்டால் எழும்புகிறது! குளியலறை வாசலிலும் இப்போது நான்கு கோடுகள் இருக்கின்றன.

சமையலறை ஊழியர்களே, மாத்திரை வேலை செய்யப் புரதம் குறுக்கே வரும் என்பதால் என் தட்டை மட்டும் அரை மணி தாமதமாக அனுப்பினீர்கள். சூடு ஆறவில்லை, நன்றி.

கடைசியாக, பக்கத்துக் கட்டில்காரரே. காலை 6 முதல் இரவு 9 வரை மூன்று மணிக்கொரு தடவை அலறிய என் அலாரத்தை நீங்கள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நான் அசந்து தூங்கிய மதியத்தில் நீங்களே எழுந்து போய் சிஸ்டரை அழைத்து வந்தீர்கள், அதுவும் உங்கள் காலில் கட்டோடு. அவசரத்தில் வீட்டுக்குக் கிளம்பியதில் உங்கள் நீலத் துண்டு எங்கள் மூட்டையில் வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம்.