குதிரைத்திறன் குறைந்ததா, அளவுமுறை மாறியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசுக் கார்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், 1968இல் 375 குதிரைத்திறன் கொண்டிருந்த அமெரிக்காவின் கேடிலாக் டி வில் கார் 1972இல் 220க்கு இறங்கிவிட்டது என்றும், எண்ணெய் நெருக்கடியே அதற்குக் காரணம் என்றும் எழுதப்பட்டிருந்தது. எண்கள் இரண்டும் சரி, காரணம்தான் பொருந்தவில்லை. அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்ததே 1973 அக்டோபரில்தான். அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்ட காரின் எஞ்சினை அது எப்படிப் பாதித்திருக்க முடியும்?

அமெரிக்க நிறுவனங்கள் அதுவரை பெரிதாக விளம்பரப்படுத்தி வந்தது மொத்தத் திறனை. எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் விசிறி முதலியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, சைலன்சர் இல்லாமல் புகை தடையின்றி வெளியேறும்படி குழாய்களைப் பொருத்தி அளந்த எண் அது. 1972 மாடல்களிலிருந்து, காரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நிகரத் திறன் வழக்கத்துக்கு வந்தது. 1971 டி வில்லின் 7.7 லிட்டர் வி8 எஞ்சினுக்கு மொத்தத் திறன் 345. பெரிய மாற்றம் எதுவும் இல்லாத அதே எஞ்சினுக்கு மறு ஆண்டு அச்சிடப்பட்ட நிகரத் திறன் 220. ஆக, நடுவில் காணாமற்போன 125 குதிரைகளும் காகிதத்தில் மட்டுமே ஓடியவை.

375க்கும் 345க்கும் இடைப்பட்ட சரிவு மட்டும் மெய்யானது. குறைந்த ஆக்டேன் கொண்ட, ஈயம் கலக்காத பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் தன் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை, அதாவது எரியுமுன் பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவைக் குறைத்தது; அதனால் திறனும் குறைந்தது. இந்த எஞ்சினில் அந்த விகிதம் 8.5:1 ஆயிற்று.

வீழ்ச்சியைத்தான் காட்ட வேண்டும் என்றால், கட்டுரையாளர் 1975ஆம் ஆண்டு மாடலை எடுத்திருக்கலாம். எஞ்சின் 8.2 லிட்டராகப் பெருத்தும், மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளின் சுமையால் நிகரத் திறன் 190ஆகச் சுருங்கியது; ஒரே முறையில் அளந்த எண்கள் என்பதால் 220உடன் இதை ஒப்பிடுவதில் தவறில்லை. எண்ணெய் நெருக்கடியின் தடம் தெளிவாகத் தெரிவது 1977 மாடலில்தான்: காரின் உடலும் குறுகி, எஞ்சினும் 7.0 லிட்டராயிற்று.

அக்காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் குதிரைத்திறனை வெளியிடாமல், ‘போதுமான அளவு’ என்ற தொனியிலேயே பதில் சொல்லி வந்தது. அதைச் செருக்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பதில் எவரையும் தவறான ஒப்பீட்டுக்கு இட்டுச் செல்லவில்லை.

இன்றைய கார்களுக்கு நிறுவனங்கள் தருவது துணைக்கருவிகளோடு அளந்த திறனே. எனவே பழைய அமெரிக்கக் கார்களின் திறனை அச்சிடும்போது, அது மொத்தமா நிகரமா என்பதைப் பக்கத்திலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.