பருப்புத் தண்ணி வேண்டாம், பருப்பையே கொடு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இறைச்சி இல்லாமல் குட்டிக்குப் புரதம் போதுமா, கையில் பிடித்துச் சாப்பிட என்ன கொடுக்கலாம் என்று நீ கேட்டதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு நீ தனியாக அடுப்படியில் நிற்கும்போது என் பேச்சு ஞாபகம் வருமா? ஒரு தாள் கையில் இருந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை.

காய்கறி, உருளைக்கிழங்கு, இறைச்சி மூன்றையும் சேர்த்து மசித்துக் கொடுக்கச் சொன்னார் அந்த ஊர் டாக்டர் என்றாய். ஜெர்மனியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகச் சொல்வது அது. நம் வீட்டில் புலால் கிடையாது என்று நீ விளக்கியதும், "சரி, அப்படியென்றால் இரும்புச்சத்தையும் புரதத்தையும் விடாமல் கவனியுங்கள்" என்றாராமே, அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. தைப்பூசத்துக்கு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா அந்தக் கூட்டத்தில் போவார். நம் வீட்டுப் பிள்ளைகள் பருப்பிலும் தயிரிலும்தான் வளர்ந்தார்கள். அதற்காக, சைவம் என்றாலே போதும், எப்படிக் கொடுத்தாலும் பிள்ளை தேறிவிடும் என்று நினைத்துவிடாதே. கொடுக்கிற விதம் இருக்கிறது.

முதலில் உன் பயத்தைத் தீர்க்கிறேன். ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11 கிராம் புரதம் போதும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 1 கிராம் அளவுக்கு உண்டு. அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிற பிள்ளைக்குப் பாதி அங்கேயே வந்துவிடுகிறது. மீதி ஐந்தாறு கிராம்தான் சாப்பாட்டில் வர வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பில், அதாவது வேகாத பருப்பு 15 கிராமில், மூன்றரை கிராம் இருக்கிறது. 100 கிராம் தயிரில் மூன்று கிராம். அவ்வளவுதான் கணக்கு. இதற்காக டப்பா பவுடர் எதுவும் வாங்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பருப்பு பிள்ளை வயிற்றுக்குள் போக வேண்டும். அங்கன்வாடியில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் தாய்மார்களிடம் மல்லுக்கு நின்றது இதற்குத்தான். பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்து, அதுதான் சத்து என்று பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பருப்பு முழுக்க அடியில் தங்கியிருக்கும், அது பெரியவர்களின் சாம்பாருக்குப் போய்விடும். பிள்ளை வயிறு சின்னது, தண்ணீரிலேயே நிறைந்துவிடும். அப்புறம் எடை பார்க்கிற நாளில் முள் நகரவில்லை என்று அழுவார்கள். தெளிவில் புரதம் எங்கே இருக்கிறது? பருப்பில் அல்லவா இருக்கிறது! நீ மசித்துக் கொடுத்தாலும் கரண்டியைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாகக் கொடு. மேலே அரை டீஸ்பூன் நெய் விடு.

இப்போது அவள் எட்டாம் மாதத்தில் இருக்கிறாள், நன்றாக உட்காருகிறாள், உன் தட்டைப் பார்த்துக் கை நீட்டுகிறாள் என்றாய். அப்படியென்றால் கையில் கொடுக்கிற காலம் வந்துவிட்டது. இந்த வயதில் உள்ளங்கையால்தான் பிடிப்பாள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்குவதற்கு ஒன்பது பத்து மாதம் ஆகும். அதனால் துண்டு உன் விரல் நீளத்துக்கு இருக்கட்டும். பாதி அவள் பிடிக்குள் போனாலும் பாதி வெளியே தெரிய வேண்டும், அதைத்தான் கடிப்பாள். எதைக் கொடுத்தாலும் முதலில் நீ இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார். வெண்ணெய் மாதிரி அமுங்கினால் கொடு, எதிர்த்து நின்றால் இன்னும் வேகவை.

நான் முதலில் சொல்வது பாசிப்பருப்பு அடைதான். அரைக் கிண்ணம் பாசிப்பருப்பு, இரண்டு ஸ்பூன் இட்லி அரிசி, மூன்று மணி நேரம் ஊறவை. அரிசியை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற புரதக்கூறு அரிசியில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடு. மிக்சியில் அதிகம் தண்ணீர் விடாமல் அரைத்து, சீரகம் ஒரு சிட்டிகை, துருவிய கேரட் அல்லது சுரைக்காய் ஒரு பிடி போடு. உப்பு, மிளகாய் வேண்டாம். தோசைக்கல் நன்றாகக் காயும் முன்பே மாவை ஊற்று, தேய்க்காதே, கனமாக நிற்கட்டும். தீயைக் குறைத்து மூடி வை. ஓரம் முறுகிவிட்டால் பிள்ளைக்கு ஆகாது, மேலண்ணத்தில் குத்தும். நமக்குப் பிடித்த மொறுமொறுப்பு அவளுக்குக் கெடுதல். வெந்ததும் திருப்பிப் போட்டு உடனே எடுத்துவிடு. ஆறிய பிறகு நீளவாக்கில் கீற்றாக வெட்டிக் கொடு. இப்படிச் செய்தால் மறுநாளும் மெத்தென்றே இருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்து ஆவியில் காட்டிக் கொடுக்கலாம்.

இட்லியும் அப்படித்தான், இரண்டு மூன்று கீற்றாக வெட்டினால் போதும். உளுந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போடு. அங்கே குளிரில் மாவு புளிக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். ஓவனைச் சூடாக்காமல், உள்ளே விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை இரவு முழுக்க அதற்குள் வைத்துப் பாருங்கள். ஊறுவதும் புளிப்பதும் முளைகட்டுவதும் ருசிக்காக மட்டும் இல்லை. தானியத்திலும் பருப்பிலும் இருக்கிற ஃபைடேட் என்ற பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும், இந்த வேலைகளால் அது குறைகிறது.

வழுக்குகிற பழங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. வாழைப்பழம், பப்பாளி, வேகவைத்த சர்க்கரைவள்ளி எல்லாம் பிள்ளை கையில் நிற்காது, நழுவி விழும், கோபம் வந்து கத்துவாள். பொட்டுக்கடலையை மிக்சியில் மைய அரைத்துச் சலித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள். பழக்கீற்றை அதில் புரட்டி எடுத்துக் கொடு. கைக்குப் பிடி கிடைக்கும், புரதமும் சேரும். மாவு லேசாக ஒட்டினால் போதும், உலர்ந்த மாவு தடிமனாக இருந்தால் மூக்கில் ஏறி இருமுவாள்.

பருப்பு உருண்டைக் குழம்புக்கு நாம் வேகவைக்கிற அந்த உருண்டையையும் கொடுக்கலாம், ஆனால் உருண்டையாகப் பிடிக்காதே. தொண்டையில் போய் அடைப்பது உருண்டைதான். நீளமாகப் பிடித்து ஆவியில் வேகவை, பூசணி மசித்துச் சேர்த்தால் உதிராது. பனீரை வீட்டிலேயே எலுமிச்சை விட்டுத் திரித்துக்கொள், கடைப் பனீரில் உப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 20 கிராம் துண்டில் நான்கு கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். அங்கே டோஃபு மலிவு என்றாய், அதையும் அப்படியே கீற்றாக வெட்டி ஆவியில் காட்டிக் கொடுக்கலாம். கொண்டைக்கடலை என்றால் குக்கரில் குழைய வேகவைத்து, தோலை உரித்து, ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக நசுக்கி வை. முழுசாக ஒன்றுகூடப் போடாதே.

மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் பற்றி மருமகள் பயப்படுகிறாள். நம் மாவட்டத்துப் பயிர் அது, விருத்தாசலத்தில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வாமை வரும் என்று தள்ளிப்போடச் சொன்னார்கள். 2015இல் லண்டன் ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு 4 மாதத்திலிருந்து 11 மாதத்துக்குள் மல்லாட்டையைத் தொடங்கி விடாமல் கொடுத்ததில், ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் தள்ளிப்போட வேண்டாம். குட்டிக்குத் தோலில் கரப்பான் நோய் (எக்ஸிமா) இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கு. வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்து, ஒரு சிட்டிகையைத் தயிரில் கரைத்து இட்லிக் கீற்றின் மேல் தடவு. பகலில் கொடு, இரவில் புதிதாக எதையும் தொடங்காதே. உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டு. மூச்சு இழுத்தால் ஆம்புலன்சைக் கூப்பிடு. முழு மல்லாட்டை, முந்திரி, பாதாம் ஐந்து வயது வரை கண்ணிலேயே காட்டாதே. கெட்டியாக ஒட்டுகிற பேஸ்டையும் அப்படியே வாயில் வைக்காதே.

அவள் சாப்பிடும்போது ஓக்களிப்பாள், முகம் சிவக்கும், இருமித் துப்புவாள். பதறி விரலை வாய்க்குள் விடாதே. சத்தம் வருகிற வரை அவளே வெளியே தள்ளிவிடுவாள். சத்தமே வராமல், அழவும் முடியாமல் திணறினால் அதுதான் ஆபத்து. அப்போது குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு, அப்புறம் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் ஐந்து அழுத்தம். இதைத் தாளில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது தம்பி. அங்கே பெற்றோருக்கு இதற்கென வகுப்பு இருக்கும், நீங்கள் இரண்டு பேரும் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும், படுக்கவைத்தோ தூக்கிக்கொண்டு நடந்தோ கொடுக்காதே. கையில் போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காராதே.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, ஆனால் பச்சைப்பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும். உன் அத்தை வந்தால் நாக்கில் தடவ ஆசைப்படுவார், நான் சொன்னேன் என்று சொல். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். தயிரும் பனீரும் இப்போதே சேரலாம்.

புரதத்தைவிட எனக்குக் கவலை இரும்புச்சத்தும் வைட்டமின் பி12ம்தான். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துகொண்டு வரும், தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான். ராகி மாவும் முருங்கைக்கீரையும் சேர்த்து மெத்தென்று அடை தட்டு. உங்கள் ஊர் ஓட்ஸும் நல்லதுதான். எந்தப் பருப்பு கொடுத்தாலும் இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை பிழி, இல்லாவிட்டால் தக்காளி மசித்துச் சேர். அந்த வைட்டமின் சி இருந்தால்தான் செடியிலிருந்து வருகிற இரும்பு உடம்பில் ஒட்டும். சொட்டு மருந்து தர வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

பி12 செடிகொடியில் கிடைக்காது, பால் தயிரிலிருந்துதான் நமக்கு வருகிறது. மருமகள் அங்கே போனதிலிருந்து பாலும் தயிரும் குறைத்துவிட்டதாகச் சொன்னாளே, தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், பிள்ளை மந்தமாகப் போகும், நரம்புக்கே கெடுதல். அவளை முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதே.

இரண்டு மூன்று வேளை போதும், ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளையாக்கு. தாய்ப்பால் தொடரட்டும், இரண்டு வயதுவரை நல்லதுதான். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடு, துரத்தி ஊட்டாதே. இன்றைக்குத் துப்பியதை அடுத்த வாரம் வாங்கிச் சாப்பிடுவாள், அலுக்காமல் திரும்பத் திரும்ப வை. அவள் கீழே போட்டதைப் பார்த்து முகம் சுளிக்காதே, தரையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துப்போடு.

மே மாதம் வருகிறீர்கள் அல்லவா, பண்ருட்டிப் பலா வந்திருக்கும். அப்போது அவளுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். பலாக்கொட்டையைக் குக்கரில் வேகவைத்து, மேல்தோலும் உள்தோலும் உரித்து, நெய்யில் மசித்து நானே பிடித்துக் கொடுக்கிறேன். அதற்குள் மருமகளுடைய ரத்தப் பரிசோதனை முடிவும் குட்டியின் எடையும் எனக்கு எழுது, உயரத்தையும் சேர்த்து எழுது. பொட்டுக்கடலை அங்கே கடையில் கிடைக்கவில்லை என்றால் சொல், அடுத்த வாரம் உன் நண்பன் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா