சர்வர் ஃபங்ஷன்கள்: வசதியும் காவலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009-இல் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் வந்து, பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிலும் (இணையதளத்தை வழங்கும் கணினியிலும்) பரவலாக ஓடத் தொடங்கிய பிறகு, பின்கோடு ஆறு இலக்கம்தானா என்று பார்க்கும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதியை) இரண்டு மொழிகளில் இரண்டு முறை எழுதும் வீண்வேலை ஒழிந்தது. இது பெரிய நன்மை.

இப்போது இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளான ரியாக்ட், நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஆகியவற்றில் ‘யூஸ் சர்வர்’ என்று ஒரு வரி சேர்த்தாலே, சர்வரில் உள்ள ஃபங்ஷனைப் பிரவுசரிலிருந்து நேரடியாக அழைக்கலாம். இந்த எளிமைதான் எனக்குக் கவலை தருகிறது. பார்வைக்குச் சாதாரண அழைப்பாகத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது பிரவுசர் இணையம் வழியே சர்வருக்கு அனுப்பும் ஒரு எச்டிடிபி கோரிக்கை. அதை நம் பக்கத்திலுள்ள பொத்தான் மட்டுமல்ல, இணையத்தில் யார் வேண்டுமானாலும் தாம் விரும்பிய மதிப்புகளுடன் அனுப்பலாம். ஆர்டரைப் பதிவுசெய்யும் ஃபங்ஷன் விலையையும் பிரவுசரிடமிருந்தே வாங்கிக்கொண்டால், 900 ரூபாய்ப் புடவையை ஒரு ரூபாய்க்கு வாங்கிவிட முடியும். விலையைச் சர்வரே தரவுத்தளத்திலிருந்து எடுக்க வேண்டும். அழைப்பவர் யார், அவருக்கு அனுமதி உண்டா என்பதை ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் சோதிக்க வேண்டும். இதற்கு, எந்த மதிப்பு எண், எது எழுத்து என்று நிரலில் குறித்துவைக்கும் டைப்ஸ்கிரிப்ட் வகைகளை நம்பிப் பயனில்லை. நிரல் ஓடும்போது அவை இருப்பதே இல்லை.

2025 டிசம்பரில் ரியாக்டின் சர்வரில் ஓடும் பகுதியான ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்ஸில் தெரியவந்த, தீவிரத்தில் 10-க்கு 10 என மதிப்பிடப்பட்ட பாதுகாப்புக் குறை, பிரவுசர் அனுப்பும் தரவைச் சர்வர் பிரித்துப் படிக்கும் இடத்தில்தான் இருந்தது.

கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், முதல் வகுப்பிலேயே பிரவுசர் அனுப்பும் கோரிக்கைகளைக் காட்டும் அதன் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்த அழைப்பு கோரிக்கையாக வெளியே போவதை மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்