ஊருக்குப் போகுமுன் காயைப் பறிக்கவும் ஆள் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. இனி ஜூன் வரை ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீடுகளில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. விடுமுறை முடிந்து வரும்போது அதில் பாதி அழிந்துபோயிருக்கும். பிறகு திரும்ப நட யாருக்கும் மனசு வருவதில்லை. பார்க்கவே சங்கடமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் இருபது மூடு வெண்டை, கொஞ்சம் கத்தரி, மிளகாய், ஒரு பயறுப் பந்தல், இரண்டு பாகல் கொடி வைத்திருக்கிறேன். போன மே மாதம் பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் போனவள் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டேன். எதிர்வீட்டுத் தங்கச்சியிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். அவளும் ஒரு நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறாள். வந்து பார்த்தால் செடியெல்லாம் பச்சையாகத்தான் நின்றது, ஆனால் பூவைக் காணோம். வெண்டைக்காய் சாண் நீளத்துக்கு முற்றி, கத்தியே இறங்கவில்லை. பயறு பந்தலிலேயே காய்ந்து தொங்கியது. பாகல் பழுத்து வெடித்துக் கிடந்தது, உள்ளே புழு.

“பறிச்சிருக்கலாமேம்மா” என்றேன். “நீங்க இல்லாத நேரம் உங்க காயில எப்பிடி அக்கா கை வைக்க?” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றச் சொன்ன நான் பறிக்கச் சொல்லவில்லை. வெண்டை பூத்து ஐந்தாறு நாளில் பறிக்கிற பருவத்துக்கு வந்துவிடும். விட்டால் விதை முற்றும். விதை முற்ற ஆரம்பித்த செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பயறும் அப்படித்தான். பழுத்து விழுகிற பாகலிலோ பழ ஈயின் புழு இருக்கும். அது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பி அடுத்த பிஞ்சுகளைத் துளைக்கும். அதனால் கிளம்புகிற அன்று காலையில் சுண்டுவிரல் அளவுப் பிஞ்சைக்கூட விடாமல் பறித்துவிட வேண்டும். அப்புறம் அடுத்த வீட்டாரிடம், “இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்து நீங்களே குழம்பு வையுங்கள், அதுதான் எனக்கு உதவி” என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் தொட மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்குக் கைகொடுப்பது தேங்காய்த் தொண்டு, அதாவது தேங்காய் உரித்த மட்டை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி செடியைச் சுற்றிப் பதித்து, அதன்மேல் சருகை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புவேன். சருகு தண்டை ஒட்டாமல் இருக்க வேண்டும், ஒட்டினால் அழுகும். கோழி வந்து கிளறாமல் இருக்க மேலே தென்னை ஓலை. இவ்வளவும் செய்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேர் வரை இறங்கும்படி நின்று நிதானமாக ஊற்றினால், தினமும் ஊற்ற வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டுக் கவிழ்த்து வைப்பதை நானும் செய்து பார்த்தேன். ஒன்று ஒரே நாளில் காலியானது, இன்னொன்றில் மண் அடைத்துக்கொண்டது. மண் கலயத்தைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடி வைப்பது எவ்வளவோ மேல். பெயின்ட் அடித்த கலயம் மட்டும் வேண்டாம், அதில் நீர் கசியாது. எதுவானாலும் ஒரு வாரம் முன்பே வைத்துப் பார்த்துவிடுங்கள். தொட்டிச் செடிகளை மரநிழலில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் சீக்கிரம் காயாது, ஆனாலும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

கிளம்புகிற வாரத்தில் யூரியா போடவே கூடாது. தளதளவென்று வளரும் செடி அதிகத் தண்ணீர் கேட்கும், கிடைக்காதபோது வாடிவிடும்.

வெயிலுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் நம் ஊரில் போதாது. மே மாதம் இடிமழை உண்டு, ஜூன் தொடக்கத்தில் பருவமழையும் வந்துவிடும். குலசேகரம் பக்கம் இருப்பவர்கள் பாத்தி ஓரத்தில் நீர் வடிய ஒரு சால் வெட்டிவிட்டு, தொட்டிகளின் அடித் துளையையும் குத்திப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கமோ காற்று மண்ணையும் உலர்த்தும், கொடியையும் சாய்க்கும். கம்பு ஊன்றிக் கட்டாமல் போகாதீர்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் உங்கள் மாவட்டப் பக்கத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைவிட நன்றாகத் தோட்டம் போடுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த வாரம் நான் மறுபடி சென்னைக்குப் போகிறேன். எதிர்வீட்டுத் தங்கச்சியிடம் இந்தத் தடவை பறிக்கிற கூடையையும் சேர்த்தே கொடுத்தாயிற்று. பயறு தனக்கு, பாகல் மாமியாருக்கு என்று இப்போதே பங்கு பிரித்துவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தக்கலை.