கீழே ஓடும் வரியை எழுதுகிறவர்களுக்கு

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் விசைப்படகில், கிடைக்கிற வருமானத்தில் பங்குக்குப் போகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மீன்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டு மதினி கதவைத் தட்டி, "டிவியைப் போடு" என்றார். சிவப்புப் பட்டையில் வரி ஓடிக்கொண்டிருந்தது: எல்லை தாண்டியதாக ராமேசுவரம் மீனவர்கள் 12 பேர் கைது.

பெயர் இல்லை. படகு எண் இல்லை. அன்று போயிருந்தவை நூற்றுக்கணக்கான படகுகள். அத்தனை வீட்டிலும் அந்தப் பன்னிரண்டு பேரில் நம்ம ஆள் உண்டா என்று தெரியாமல் பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மாசமாக இருந்த ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் புருஷன் ஏழு மணிக்கு மீனோடு கரை வந்து சேர்ந்தார். எங்கள் அண்ணன் வரவில்லை. மீனவர் சங்கத்தில் பட்டியல் வந்தபோது மணி எட்டரை. நாலு மணி நேரம் உங்கள் ஒரு வரி எங்கள் ஊரை என்ன செய்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு டிவிக்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். அம்மா பேச ஆரம்பித்ததுமே உடைந்து அழுதுவிட்டாள். கேமரா அப்போது ஓடவில்லை போல. "அம்மா, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் வந்த தம்பி. அம்மா சொன்னாள். இரண்டாவது தடவையும் அழுகை வந்தது, வராமல் எங்கே போகும். சாயங்காலச் செய்தியில் அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பழைய சினிமாப் பாட்டின் சோகமான வயலின் ஓடியது. அம்மா என்னைக் கேட்டாள்: "நான் அழுததுக்குப் பாட்டு எதுக்குடி?"

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் பைக் ஓட்டி வந்தவர், செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், அழுகை இல்லாமல் அனுப்பினால் அவர் செய்தி ஓடாது. வயலினைச் சேர்த்தது அவர் இல்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் முப்பத்தைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். அப்போது எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. படகு அக்கரையில், இலங்கையிலேயே நின்றுவிட்டது, அதன் சொந்தக்காரரான சம்மாட்டி இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்கவும் ஆள் இல்லை. கைது என்றால் செய்தி, விடுதலை என்றால் செய்தி இல்லை என்று ஆகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தீவுக்குச் செய்தியின் அருமை தெரியும். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அதைப் பிடித்து ஊருக்குள் கொண்டுபோய்ப் போட்ட சிறுவர்களில் ஒருவர்தான் அப்துல் கலாம். இன்று பேக்கரும்பில் அவர் நினைவிடத்துக்கு நீங்களும் கேமராவோடு வருகிறீர்கள்.

ஏர்வாடியும் எங்கள் கரைதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிவதற்குள் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 உயிர். அவர்கள் அங்கே கட்டிக் கிடந்தது சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் முன்பே தெரியும், யாரும் கேட்கவில்லை. பத்திரிகையும் டிவியும் அதை நாடு முழுக்கக் கொண்டுபோன பிறகுதான் உச்ச நீதிமன்றம் செய்திகளைப் பார்த்துத் தானாகவே வழக்கு எடுத்தது. அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அன்று அந்தச் செய்தியைச் சேகரித்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். உங்கள் தொழிலுக்கு அந்தப் பலம் இருப்பதால்தான் இவ்வளவு கேட்கத் தோன்றுகிறது.

சினிமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை எப்படிப் பார்ப்பது என்பதைச் செய்தி அறைகள் பாதி அங்கேயிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. "தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று படத்தில் மந்திரி அதிகாரியை மிரட்டினால், அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தனுஷ்கோடி என்றால் இடிந்த தேவாலயம், டூயட், இல்லாவிட்டால் பேய். 1964 டிசம்பர் புயலில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே ஓலைக் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கிறார்கள். 2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு கூட்டம் குவிகிறது, படப்பிடிப்பும் நடக்கிறது. அந்தக் குடிசைகளுக்குள் வாழ்கிறவர்களை ஒரு முழுச் செய்தியாக நான் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் திரை என்றால் சும்மா இல்லை. வசனம் எழுதியவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள், நடித்தவர் 1977-இல் முதலமைச்சர் ஆனார். பிறகு சின்னத்திரை வந்தது: 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர். எந்த சேனல் எந்தப் பக்கம் என்று எங்கள் படகுத்துறையில் ஐஸ் உடைக்கிற பையனுக்கும் தெரியும். எங்கள் கைதுச் செய்தி பெரிதாக ஓடுவதா, சின்னதாகப் போவதா என்பது எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதைப் பொறுத்து இல்லை. சென்னையில் யார் ஆட்சி, டெல்லியில் யார் ஆட்சி, சேனல் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான். இதை நான் குற்றச்சாட்டாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் அழுகை ஒரு கட்சிக்கு எதிராகவோ இன்னொரு கட்சிக்கு ஆதரவாகவோ ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, மைக் முன்னால் உண்மையைச் சொல்லவே எங்கள் ஆட்களுக்குப் பயமாக இருக்கிறது.

தேர்தல் வந்தால் கச்சத்தீவு. 285 ஏக்கர் தீவு, 1974 ஒப்பந்தம், இலங்கைக்கு யார் கொடுத்தது, யார் தடுக்கவில்லை. 2024 மார்ச் கடைசியில் பிரதமர் அதைப் பேசியதும் ராத்திரி முழுக்க விவாதம். நான் உட்கார்ந்து பார்த்தேன். கடலுக்குப் போகிற ஒரு ஆளைக்கூட நான் பார்த்த விவாதங்களில் உட்கார வைக்கவில்லை.

உட்கார வைத்திருந்தால் கஷ்டமான ஒரு விஷயத்தையும் அவர் சொல்லியிருப்பார். எங்கள் விசைப்படகுகள் இழுவைமடி என்கிற வலையைப் போட்டுத்தான் பிழைக்கின்றன. அது கடலின் அடியை வழித்துக்கொண்டு போகிறது, அக்கரையில் சின்னப் படகுக்காரர்கள் போட்ட வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. அந்த வலைக்காரர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற தமிழர்கள். போரில் கடலையே இழந்து திரும்பியவர்கள். இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியைத் தடை செய்தது அவர்கள் போராடியதால்தான். எங்கள் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இதே வருத்தம் உண்டு. இதைச் சொல்வதால் எங்கள் ஆட்களைச் சுடுவதும் அடிப்பதும் நியாயமாகிவிடாது. 2017 மார்ச்சில் நடுக்கடலில் சுடப்பட்டு இறந்தவர் எங்கள் ஊர்ப் பையன், அந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது செய்தி. ஒன்றை மட்டும் சொன்னால் அது வில்லனும் கதாநாயகனும் இருக்கிற படம்.

இழுவைமடியிலிருந்து வெளியே வர 2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்கள் ஏன் திணறினார்கள், மிச்சப் பேர் ஏன் பயந்து ஒதுங்கினார்கள்? இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கேள்வி கேட்க ஆளா இல்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் எல்லோரும் கரையில்தான் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.

பாம்பனில் கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, 90.4 பண்பலை. 2016-இல் ஆரம்பித்தது, மீனவர்களுக்காகவே நடக்கிறது. காற்று எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம், இன்று போகலாமா வேண்டாமா என்று எங்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். அங்கே ஒரு தப்புச் செய்தி சொன்னால் மறுநாள் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நேருக்கு நேர் நின்று பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே அந்த நெருக்கம் இல்லை, ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பத்திரிகை என்றால் பிரஸ் கவுன்சிலுக்காவது எழுதிப் போடலாம். அதன் வரம்பில் தொலைக்காட்சி வராது. தொலைக்காட்சி மேல் புகார் என்றால் அது முதலில் அந்தச் சேனலுக்கும், பிறகு தொலைக்காட்சிகள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், கடைசியில்தான் அரசின் குழுவுக்கும் போகும். அப்படியானால் நாங்கள் கேட்க வேண்டிய இடம் உங்கள் மேசைதான்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. படகு எண்ணும் பெயரும் உறுதியாகி, சங்கத்தின் மூலம் வீட்டுக்குச் சொல்லி முடியும்வரை அந்த வரியை நிறுத்தி வையுங்கள். எந்தச் சேனல் முந்தியது என்று எங்கள் தெருவில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அழச் சொல்லாதீர்கள், அழுதால் அதற்கு இசை போடாதீர்கள். கைதுக்கு வந்த அதே நிருபரை வழக்கு முடிகிற நாளிலும் அனுப்புங்கள், அவருக்கு அந்த நாளுக்கும் கூலி கொடுங்கள்.

அண்ணன் இப்போதும் கடலுக்குப் போகிறார். அவர் போகிற நாட்களில் அம்மா ராத்திரி டிவியை அணைக்க விடுவதில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுத் திரைக்குக் கீழே ஓடுகிற எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பட்டை சிவப்பாக மாறினால் என்னை எழுப்புவாள். படம் ரிலீஸ், கட்சிக் கூட்டம், தங்கம் விலை என்று படித்துச் சொல்வேன். "நம்மளது இல்லையே?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்வாள். ராத்திரிப் பணியில் அந்த வரியைத் தட்டுகிறவரிடம் இந்த மடலைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மீனவரின் தங்கை